டோஜ் ஃபோஸ்கரியின் ‘கையால் வரைந்த’ நகல்: ஓர் எச்சரிக்கை

பிரெஞ்சு ஓவியர் யூஜின் டெலாக்ருவா 1855-இல் தீட்டிய ‘இரு ஃபோஸ்கரிகள்’ ஓவியத்திலிருந்து, வெனிஸின் ஆட்சித் தலைவரான டோஜ் பிரான்செஸ்கோ ஃபோஸ்கரியின் உருவத்தை மட்டும் எண்ணெய் வண்ணத்தில் கையாலேயே நகலெடுத்துத் தருவதாக விளம்பரம் செய்த ஓர் இணைய விற்பனையாளரிடம், 420 யூரோவையும் முன்கூட்டியே கட்டி ஏமாந்தேன். அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

வந்து சேர்ந்தது கேன்வாஸ் துணியில் அச்சடித்த படம். தூரிகைத் தடம்போலத் தோன்றுவதற்காக அதன்மேல் நிறமற்ற பசையை இழுத்திருந்தார்கள். பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தபோது டோஜின் முகம் வண்ணப் புள்ளிகளாகச் சிதறியது. பசைத் தடங்களோ மூக்கையும் ஆடை மடிப்பையும் பொருட்படுத்தாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடின.

உண்மையில், மின்னஞ்சலில் முதலிலேயே வந்த சான்றிதழைப் படித்தபோதே நான் விழித்திருக்க வேண்டும். டோஜை எதிரில் அமர்த்தி டெலாக்ருவா வரைந்த உருவப்படம் என்று அதில் எழுதியிருந்தது. ஃபோஸ்கரி 1423 முதல் 34 ஆண்டுகள் பதவியில் இருந்து, நாடுகடத்தப்பட்ட மகன் யாக்கப்போ கிரீட் தீவில் இறந்த அதே 1457-இல் வெனிஸின் அதிகாரக் குழுவான பதின்மர் மன்றத்தால் பதவி பறிக்கப்பட்டு, சில நாள்களில் தானும் மறைந்தவர். டெலாக்ருவா பிறந்ததே 1798-இல்தான். மகனுக்கான தண்டனை வாசிக்கப்படுவதை ஆட்சித் தலைவராக அமர்ந்து கேட்க நேர்ந்த தந்தையை, ஆங்கிலக் கவிஞர் பைரனின் 1821-ஆம் ஆண்டு நாடகம் பரப்பிய கதையின் வழியே அவர் கற்பனை செய்தார். ஃபோஸ்கரியின் காலத்தை ஒட்டிய முகம் வேண்டுவோருக்கு, லாத்சாரோ பாஸ்தியானி வரைந்ததாகக் கருதப்படும் படம் வெனிஸின் கோர்ரேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கோ டெலாக்ருவாவின் நாடகத்தன்மைதான் பிடித்திருந்தது. அந்த ஆசையே கண்ணை மறைத்தது.

மூல ஓவியம் வெனிஸுக்கு இரவலாக வந்திருந்தபோது தங்கள் ஓவியர் அதன்முன் நின்று நகலெடுத்தார் என்பது இன்னொரு பொய். பாரிசுக்கு வடக்கே ஷாந்தீயியிலுள்ள கோந்தே அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது; அந்தத் தொகுப்பை 1886-இல் கொடையளித்த ஓமால் கோமகன், எதையும் வெளியே இரவல் தரக் கூடாதென நிபந்தனை விதித்திருக்கிறார்.

கோட்டுருவம், அடிவண்ணம் என ஒவ்வொரு நிலையிலும் எடுத்த புகைப்படங்களைக் கேட்டுப் பெற்று, அதன்பிறகே மீதித் தொகையைக் கொடுத்திருக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘கைவேலை கலந்தது’ என்று விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருப்பதாகவும், பசையைப் பூசியது கைதான் என்றும் பதில் வந்தது.