ஒரே கறுப்புப் பை, இரண்டு ஊர்த் தக்காளி

கறுப்புத் துணியில் தைத்த க்ரோ பேக், அதாவது செடி வளர்க்கும் பை, 10 காலன் அளவு. ஏறக்குறைய 38 லிட்டர் மண் பிடிக்கும். இந்தப் பையை நான் இரண்டு ஊரில் வைத்துப் பார்த்துவிட்டேன். முதலில் சான் பிரான்சிஸ்கோவில் மகள் வீட்டில். அப்புறம் காரைக்குடியில் எங்கள் மொட்டை மாடியில். அங்கே வைத்தபோது தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். இங்கே வைத்தபோது, இதை ஏன் வாங்கினோம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போன வருஷம் மே மாதம் மகளின் இரண்டாவது பேறுகாலத்துக்காகப் போனோம். கடலோரமாக சன்செட் என்றொரு பகுதி. மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை மதியம் பன்னிரண்டு மணிக்குக்கூட மூடுபனி இறங்கி நிற்கிறது. சூரியன் மறைவதை வைத்துத்தான் அந்தப் பெயரே வந்திருக்கும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்காரர் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். வெப்பமானி இல்லாமல் குளிக்க வெந்நீர்கூட விளாவமாட்டார். அங்கே போன மறுநாளே நோட்டுப் போட்டுவிட்டார். ஆகஸ்ட் மாதப் பகல் 18, 19 டிகிரி. ராத்திரி 12. காரைக்குடியில் மார்கழி விடியற்காலையிலேயே 21 டிகிரி இருக்குமே, இந்தக் குளிரில் தக்காளியாவது காய்ப்பதாவது என்றார்.

மகள் வீட்டுப் பின்பக்கம் வெறும் கடல் மணல். தண்ணீர் ஊற்றினால் நிற்காது. அதனால்தான் மாப்பிள்ளை இந்தப் பைகள் நான்கை வாங்கி வந்தார். நாற்றுப் பண்ணையில் நான் பெரிய பழமாகக் காய்க்கும் ரகம் ஒன்றை எடுத்தேன். கையளவு பழத்தைப் படம் போட்டிருந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? கடைப் பெண் தலையை ஆட்டிவிட்டு, இந்தப் பனிக்குச் சின்னப் பழம்தான் சரி என்று மூன்று நாற்றுகளைக் காட்டினாள்: சன் கோல்ட், எர்லி கேர்ள், செக் நாட்டு ரகமான ஸ்டூபிஸ். அவள் சொன்ன மூன்றையும் வாங்கினேன், என் ஆசைக்குப் பெரியதையும் விடவில்லை. ஒரு விஷயம்: நாற்றின் சீட்டில் பழம் வர 55 நாள், 60 நாள் என்று போட்டிருப்பது நாற்றை நட்ட நாளிலிருந்து எண்ணுவது, அதுவும் வெயில் அடிக்கும் ஊருக்கு. பனிக்காட்டில் அதோடு இன்னும் மூன்று நான்கு வாரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாதம் பைகளைப் புல்தரையில் வைத்திருந்தேன். செடி வளர்ந்தது, பூத்தது, பூவெல்லாம் காம்போடு உதிர்ந்தது. ராத்திரி 13 டிகிரிக்குக் கீழே போனால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது என்று வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். அப்புறம்தான் பைகளை இழுத்துத் தெற்குப் பார்த்த சுவரோரம் சிமெண்ட் தரையில் வரிசையாக வைத்தோம். அந்த ஊரில் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே போவதால், பனி விலகும் இரண்டு மூன்று மணி நேரச் சூட்டைச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடுகிறது. பையும் கறுப்பு. சாயங்காலம் தரை மண்ணில் 16 டிகிரி காட்டும்போது பை மண்ணில் 22 காட்டியது. அந்த ஆறு டிகிரிக்காகவே இந்தப் பைக்குக் காசு கொடுக்கலாம்.

ஈரக் காற்றில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு கொட்டாது. அதற்குப் பேரனின் மின்சாரப் பல்துலக்கியைப் பூக்காம்புக்குப் பின்னால் வைத்துக் காலையில் இரண்டு நொடி ஓட்டுவேன். ஐந்து வயதுப் பிள்ளை, பார்த்துக்கொண்டே நின்று, “ஆயா, தக்காளிக்கும் பல் விளக்கணுமா?” என்று கேட்டான்.

சன் கோல்ட் ஜூலை கடைசியில் பழுத்தது. ஆரஞ்சு நிறம், சுண்டைக்காயைவிடப் பெரிது, அப்படி ஒரு இனிப்பு. ஒரு கைப்பிடியை ரசத்துக்கு நசுக்கினேன். மகள் பதறிப்போய், “ஆத்தா, இதையெல்லாம் அப்படியே சாப்பிடணும்” என்றாள். ரசம் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டூபிஸ் ஆகஸ்ட் நடுவில் வந்தது. எர்லி கேர்ள், பெயரில்தான் அவசரம், செப்டம்பரில்தான் சிவந்தது. அந்த ஊரில் வெயில் ஒழுங்காக அடிப்பதே செப்டம்பர், அக்டோபரில்தான். நான் ஆசைப்பட்ட பெரிய ரகம், நாங்கள் கிளம்பும்போதும் நாலே நாலு பச்சைக் காயோடு நின்றது. பாசிப்பருப்புப் போட்டுத் தக்காளிக்காய்க் கூட்டு வைத்துக் கணக்கை முடித்தேன்.

தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறை போதும். துணி வழியாக அதிக ஈரம் வெளியேறிவிடும், வேர் அழுகவில்லை. வேர் நுனி பையின் சுவரைத் தொட்டதும் காற்றில் காய்ந்து நின்றுவிடும், உள்ளே புதிதாகக் கிளை விடும். பிளாஸ்டிக் தொட்டியில் சுருண்டு கொள்வதுபோல் சுருளாது. பையைப் பிரித்துப் பார்த்தபோது வேர் வலைபோல நிறைந்திருந்தது. மூடுபனி ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

ஊருக்கு வந்ததும் அதே அளவில் ஐந்து பை இணையத்தில் வாங்கினேன், 850 ரூபாய். விதையை அங்கிருந்து எடுத்து வரவில்லை. அனுமதி இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது. தவிர, பனிக்குப் பழகிய ரகத்துக்குக் காரைக்குடியில் என்ன வேலை? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம். 1 தக்காளி ரக நாற்றைத்தான், மழை ஓய்ந்து கார்த்திகைக் கடைசியில் மூன்று பையில் நட்டேன். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. தை கடைசியிலிருந்து மாசி முடியும்வரை குறை சொல்ல முடியாது. வெள்ளைப் பணியாரத்துக்குச் சட்னி அரைக்கக் கடையில் தக்காளி வாங்கவே இல்லை.

பங்குனி பிறந்ததும் ஆட்டம் ஆரம்பித்தது. மதியம் மூன்று மணிக்குப் பை மண்ணில் வெப்பமானியைச் செருகினால் 43 டிகிரி. அங்கே வரமாக இருந்த கறுப்பு இங்கே அடுப்பு. காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் துணி வழியே ஆவியாகிவிடுகிறது. இரண்டு வேளை ஊற்றினேன். ஒருநாள் விட்டால் காய்ந்து, மறுநாள் நனைந்து, இப்படி ஏறி இறங்கியதில் காயின் அடி கறுத்து அழுகியது. கால்சியம் மண்ணில் இருந்தாலும் தண்ணீர் சீராகப் போனால்தான் காய்க்குப் போய்ச் சேரும். எங்கள் உப்புத் தண்ணீரில் பையின் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. மாடித் தட்டோட்டில் வட்ட வட்டமாகக் கறை. பூ இங்கேயும் உதிர்ந்தது, ஆனால் காரணம் நேர்மாறு: ராத்திரியே 26 டிகிரி. பிழைத்த நாலைந்து பழமும் சிவக்காமல் மஞ்சளாகவே நின்றன. 30 டிகிரிக்கு மேலே போனால் சிவப்பு நிறம் சரியாக ஊறாது.

வெயில் தாங்காது என்று ஒரு பையை முற்றத்துக்கு இறக்கினோம். ஐயாக்கள் காலத்தில் வெயில் உள்ளே வராமல் இருக்கத்தானே இந்த வீட்டையே கட்டினார்கள்? நாலு மணி நேரம் வெயில் விழுந்தால் அதிகம். செடி ஒல்லியாக மேலே மேலே நீண்டுகொண்டே போயிற்று. இறக்கும்போது ஒரு கைப்பிடி தையலோடு பிய்ந்தது. ஈர மண்ணோடு முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். கைப்பிடி ஒற்றைத் தையலாக இருந்தால் எப்படித் தாங்கும்? விற்றவர்களுக்குப் படம் அனுப்பினால், ஐந்தையும் சேர்த்துத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். மண்ணோடா, செடியோடா என்று கேட்டேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டு ஆச்சியோ அன்றைக்கே, “துணியில தண்ணி ஊத்துனா நிக்குமா? ஒரு சிமெண்ட் தொட்டி வாங்கி வைக்காம” என்றவர்.

கடைசியில் வீட்டுக்காரரின் பழைய வேட்டியை நனைத்து மாடியில் இருந்த இரண்டு பையையும் சுற்றிக் கட்டினேன். 43 என்றது 37 ஆனது. அவர் நோட்டில் அதையும் குறித்துக்கொண்டார், எந்த வேட்டி என்று கவனித்த பிறகுதான் கோபம் வந்தது.

இங்கே கார்த்திகையில் நட்டு மாசியோடு முடித்துக்கொள்வதானால் பை பரவாயில்லை, ஐந்துக்கு மூன்று மதிப்பெண் போடலாம். கோடை முழுக்கக் காய்க்க வேண்டுமென்றால் வாங்காதீர்கள். வாங்கினாலும் கைப்பிடி இரட்டைத் தையலா என்று இழுத்துப் பாருங்கள், வெளிர் நிறம் கிடைத்தால் அதையே எடுங்கள். என்னிடம் மண் படாத பை இரண்டு மிச்சம் இருக்கிறது. வைகாசியில் மாப்பிள்ளையின் அம்மா சான் பிரான்சிஸ்கோ போகிறார்கள், அவர்கள் பெட்டியில் கொடுத்துவிடப் போகிறேன். மடித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு புடவை அளவுதான் வருகிறது.