உளுந்து மஞ்சளானால் முதலில் கடைக்கு ஓடாதீர்கள்

இந்தப் பருவ உளுந்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. நோயால் போனது ஒரு பங்கு என்றால், நான் காசு கொடுத்து வாங்கித் தெளித்ததால் போனது இன்னொரு பங்கு. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன், உங்கள் வயலில் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விதைத்து 22ஆம் நாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளின் துளிர் இலையில் மஞ்சள் புள்ளி தெரிந்தது. நாலைந்து இலையைப் பறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். ஆலோசகர் என்று ஒருவர் இருந்தார், ஆலோசனை இலவசம். இலைகளைக் கண்ணாடி மேசையில் வைத்தேன். அவர் ஒன்றையாவது எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. “சத்துக் குறைபாடுதான் அண்ணே. ஒரே தெளிப்பு, பச்சைப்பசேல்னு திரும்பிடும்” என்றார்.

துத்தநாகம் கலந்த நுண்ணூட்டப் பொடி, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள, தண்ணீரில் கரையும் 19:19:19 உரம், ‘கூடவே இருக்கட்டும்’ என்று இரண்டு பூச்சி மருந்து, மேலே ஒரு டானிக். எல்லாவற்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக அடிக்கலாமாம்.

கலந்தேன். கொஞ்ச நேரத்தில் டேங்கில் பால் திரிந்த மாதிரி வெள்ளைத் திப்பிகள் மிதந்தன. அடியில் மாவு போல ஏதோ படிந்தது. அப்போதே கொட்டியிருக்க வேண்டும். காசு போட்டாச்சே என்று அடித்தேன். துத்தநாகமும் உரத்தில் உள்ள மணிச்சத்தும் சேர்ந்தால் கரையாத உப்பாகப் படிந்துவிடும் என்பதும், உப்பு அதிகமான தண்ணீரில் எண்ணெய் வடிவில் வரும் பூச்சி மருந்து பிரிந்து மிதக்கும் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. பிரிந்த எண்ணெய் பட்ட இலைகளின் ஓரம் மூன்றே நாளில் கருகியது. புது மருந்துகளைச் சேர்ப்பதென்றால் முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அதே விகிதத்தில் கொஞ்சமாகக் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். திப்பி கட்டினாலோ, ஏடு மிதந்தாலோ டேங்குக்குப் போகவே கூடாது.

அந்தத் திப்பி தெளிப்பானின் முனையை அடைத்துக்கொண்டதால் வரப்போரம் ஒரு பட்டை அடிபடாமல் விட்டுப்போனது. உண்மையைச் சொன்னது அந்தப் பட்டைதான். பத்து நாள் கழித்துப் பார்த்தால் மருந்து பட்ட இடத்திலும் படாத இடத்திலும் மஞ்சள் ஒரே அளவு. ஒரே வித்தியாசம், அடிக்காத பட்டையில் கருகல் இல்லை.

வந்திருந்தது மஞ்சள் தேமல் நோய். வைரஸ். அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. காலையில் வெயில் ஏறுவதற்குள் போய் மெதுவாக ஒரு இலையைத் திருப்பினேன். சாம்பலை ஊதியது போல நாலைந்து எழுந்து பறந்தன. அந்த ஆலோசகர் ஒரு நாள் வயலுக்கு வந்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.

சத்துக் குறைபாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தழைச்சத்து குறைந்தால் அடி இலை முதலில் வெளுக்கும். இரும்புச் சத்து குறைந்தால் துளிர் வெளுக்கும், ஆனால் நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். தண்ணீர் தேங்கும் இடம், சுண்ணாம்பு மண் என்று திட்டாக ஒரே பகுதியில் வரும். தேமலில் அப்படி ஒழுங்கு கிடையாது. ஒரே இலையில் பளிச்சென்ற மஞ்சளும் பச்சையும் கலந்து கிடக்கும், முழு மஞ்சளான செடிக்குப் பக்கத்திலேயே பச்சைச் செடி நிற்கும்.

வைரஸ் ஏறிய செடியைக் குணமாக்க மருந்தே கிடையாது. மீதியைக் காப்பாற்றத்தான் முடியும். அன்றைக்கு என் வயலில் மஞ்சளானது இருபது, முப்பது செடிதான். பிடுங்கி அப்புறப்படுத்தி, வரப்புக் களையை எடுத்து, மஞ்சள் ஒட்டும் அட்டை வைத்து ஈயைக் கவனித்திருந்தால் பரவலை மட்டுப்படுத்தியிருக்கலாம். நான் டானிக் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். இளம்பயிரில் தொற்றினால் காய் பிடிப்பதே அரிது, பிடித்த காயும் மஞ்சளாகச் சூம்பிப்போகும். பூத்த பிறகு வந்தால் ஓரளவாவது மிஞ்சும்.

இன்னொன்று. அந்த இரண்டு பூச்சி மருந்தின் சிறிய எழுத்தைப் பிற்பாடு படித்தேன். பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருப்பது லாம்ப்டா சைஹாலோத்ரின் என்ற ஒரே பூச்சிக்கொல்லி. அந்த வகை மருந்து வெள்ளை ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளையும் கொன்றுவிடும், ஈ பெருகத்தான் வழி. இரண்டையும் சேர்த்து அடித்ததில் அளவும் இரட்டிப்பானது.

கேட்கப் போனேன். முதலில் தண்ணீர் சரியில்லை என்றார். பிறகு மழை, பிறகு நான் அடித்த நேரம். “சரி தம்பி, வந்தது என்ன நோய்? பேரைச் சொல்லுங்க” என்றேன். பதில் இல்லை. “இதைவிட பவரா ஒண்ணு வந்திருக்கு அண்ணே” என்று அலமாரியைத் திறந்தார். ரசீதைப் பார்த்தால் ‘மருந்து வகை’ என்று ஒற்றை வரி. பெயர், தயாரிப்பு எண் எதுவும் இல்லை. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? வாங்கும்போதே ஒவ்வொரு பொருளையும் எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

டானிக் பாட்டில் பாதி மருந்தோடு இன்னும் கொட்டகையில் இருக்கிறது. நேற்று அதையும் எடுத்துப் படித்தேன். எல்லாப் பயிருக்கும், எல்லா நோய்க்கும், எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று பாட்டிலை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தும் எங்கேயும் இல்லை.