புது உறுப்பினர் வந்தால்: நிர்ணயித்த வாக்கா, இரட்டைப் பெரும்பான்மையா?

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரையுள்ள குமரிக் கடற்கரை ஊர்கள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஊருக்கு எத்தனை வாக்கு, சின்ன ஊருக்கு எத்தனை? ஐரோப்பிய நாடுகள் தங்கள் கூட்டமைப்பின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) அமைச்சர்கள் அவையில் இரண்டு வழிகளையும் நடத்திப் பார்த்துவிட்டன.

ஒன்று, நாட்டுக்கு இத்தனை வாக்கு என்று நிர்ணயிப்பது. 1958இல் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்குத் தலா 4, பெல்ஜியம், நெதர்லாந்துக்குத் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. ஆணையம் (கூட்டமைப்பின் நிர்வாக அமைப்பு) முன்வைத்த தீர்மானம் நிறைவேற 17இல் 12 வேண்டும். லக்சம்பர்க் தவிர மற்ற ஐவரிடமும் இரட்டைப்படை வாக்குகள். எப்படிக் கூட்டினாலும் 10 வரும், 12 வரும், 11 வராது. ஆக, அந்த ஒற்றை வாக்கு எந்த முடிவையும் மாற்றவே முடியாது. 1973இல் பிரிட்டன், டென்மார்க், அயர்லாந்து சேர்ந்தன; எல்லா நாடுகளின் வாக்குகளும் புதிதாக நிர்ணயிக்கப்பட்டன. லக்சம்பர்க்குக்கு 58இல் 2. பங்கு குறைந்தது, செல்வாக்கு கூடியது! தேவை 41; பழைய ஐந்து நாடுகளும் கைகோர்த்தால் 40தான், லக்சம்பர்க்கும் வந்தால் 42. பங்கை மட்டும் பார்த்துச் சண்டை போடுவது வீண் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

மற்றொன்று, 2014 நவம்பரில் நடைமுறைக்கு வந்த இரட்டைப் பெரும்பான்மை: நாடுகளில் 55 சதவீதமும் மக்கள்தொகையில் 65 சதவீதமும் ஆதரித்தால்தான் தீர்மானம் நிறைவேறும். புதியவர் வந்தால் வாக்குக்காக மறுபடி பேரம் பேச வேண்டாம். ஆனால் மக்கள் நிறைந்த நாடு நுழைந்தால் பழைய பெரியவர்களின் பங்கு தானாகச் சுருங்கும்.

நம் கரைக்கு இரண்டாவதுதான் சரி. குளச்சலின் மக்கள் எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு, சின்னக் கரையும் ஓர் ஊராகவே எண்ணப்படும். அப்புறம், எந்த வழியானாலும் புது ஊரைச் சேர்க்கும் முன் யார் யார் சேர்ந்தால் தேவையான வாக்கு எட்டும் என்று தாளில் கூட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.