முகநூலா, வாட்ஸ்அப்பா, வீட்டு வாசல் படலையா? வன்னியில் வாக்குக் கேட்கும் வழிகள்

இலங்கையின் 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் வடக்கே வன்னியில் ஒரு வேட்பாளருக்காக ஒரு மாதம் வேலை செய்தேன். முகநூல் பக்கம் என் பொறுப்பு. முதல் வாரத்தில் போட்ட ஒரு காணொளிக்கு இரவோடு இரவாக லைக் குவிந்தது. விடிய எழும்பி யார் யார் என்று பார்த்தால் ஸ்காபரோ, பாரிஸ், சூரிச். எல்லாரும் எங்கள் ஆட்கள்தான், அன்போடு போட்டவைதான். ஆனால் அங்கிருந்தபடி வாக்களிக்க அவர்களுக்கு வழியில்லை. அன்றிலிருந்துதான் எந்த வழி உண்மையில் வாக்கைக் கொண்டுவருகிறது என்று கவனிக்கத் தொடங்கினேன்.

களத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டம், ஆறு ஆசனங்கள். மேற்கே தலைமன்னார், கிழக்கே கொக்கிளாய். அந்தத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு ஆசனங்கள் போக, மீதி நான்கையும் நான்கு கட்சிகள் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டன. கட்சிக்கு ஒரு ஆசனம் என்றால், அது அதே பட்டியலில் யாருக்கு என்பதை விருப்பு வாக்குத்தான், அதாவது கட்சிக்கு வாக்களித்த பிறகு அதன் வேட்பாளரின் இலக்கத்துக்குப் போடும் வாக்குத்தான், தீர்க்கும். ஆகவே இங்கே முகத்தைத் தெரிந்தால் மட்டும் போதாது, வேட்பாளருக்குரிய அந்த இலக்கமும், விருப்பிலக்கமும் மனதில் நிற்க வேண்டும்.

முகநூலில் பூஸ்ட் பண்ணுவது, அதாவது காசு கொடுத்துப் பதிவைப் பலருக்குக் காட்டுவது, சுலபம். இடத்தை மூன்று மாவட்டங்களுக்குள் அடைக்கத் தெரியாவிட்டால் காசு வெளியே போய்விடும், அவ்வளவுதான். ஓடுகிற விளம்பரங்களை யாரும் முகநூலின் விளம்பர நூலகத்தில் பார்க்கலாம் என்பதால் எதிராளி என்ன சொல்கிறான் என்பதும் தெரியும். தேர்தல் முடிந்து 21 நாட்களுக்குள் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அந்த வேளையில் முகநூல் பில் கையோடு இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு அடித்த பெற்றோலுக்குப் பில் துண்டு தேடித்தான் களைத்துப்போனோம்.

ஆனால் வன்னியில் லைக்கை வைத்து எதையும் அளக்க முடியாது. போருக்குப் பிறகு இங்கே பலர் பார்ப்பார்கள், கேட்பார்கள், விரலை மட்டும் வைக்க மாட்டார்கள். தன் பெயர் எங்கே பதிவாகும், யார் பார்ப்பார்கள் என்ற யோசனை இன்னும் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

டிக்டொக் அரசியல் விளம்பரத்துக்குக் காசு வாங்காது. நல்லதாக ஒன்று எடுத்தால் தானாக ஓடும், முதல்முறை வாக்களிக்கும் பிள்ளைகளிடம் முகம் போய்ச் சேரும். இலக்கம் சேராது.

வாட்ஸ்அப்தான் எனக்குப் பெரிய பாடம். நெடுங்கேணிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். அடுப்படியில் இருந்த அம்மா போனைக் காதோடு வைத்து எங்கள் வேட்பாளரின் குரல் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது விநாடிதான், குளக்கட்டு உடைந்ததைப் பற்றி. நாங்கள் அனுப்பவில்லை. தம்பியின் மகன் குடும்பக் குழுவில் போட்டிருந்தான். "தம்பி, இவர் எங்கட குளத்தைத்தான் சொல்லுறார்" என்றவர், எங்களுக்கு முன்னாலேயே அதைச் செட்டிகுளத்தில் இருக்கும் தங்கச்சிக்கு அனுப்பினார். சொந்தக்காரர் கையால் வந்த குரலுக்கு இருக்கும் மதிப்பு எந்தப் போஸ்டருக்கும் இல்லை. டேட்டாவும் அதிகம் தின்னாது. 1990இல் வெளியேற்றப்பட்டு இன்னும் புத்தளத்தில் இருந்துகொண்டு மன்னாரில் வாக்கு வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பங்களையும் இந்த வழியால் எட்டலாம்.

அதே வழியால்தான் அடியும் வந்தது. பிரசாரம் ஓய்ந்த அமைதிக் காலம், தேர்தலுக்கு முதல் நாள் இரவு. எங்கள் வேட்பாளர் விலகி இன்னொருவருக்கு ஆதரவு கொடுத்துவிட்டார் என்று ஒரு செய்தி பரவியது. முகநூலில் என்றால் யார் போட்டது என்றாவது தெரியும். இங்கே 'ஃபார்வர்ட்' என்ற அடையாளத்தைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடு 2019இலேயே வந்துவிட்டது, ஊருக்குள் அது எதையும் நிறுத்தவில்லை. மறுப்புப் பிரசாரம் செய்யச் சட்டமும் விடாது. கை கட்டிக்கொண்டு இருந்த அந்த இரவை நான் மறக்க மாட்டேன்.

படலைக்குப் படலை போவது மெதுவானது. நவம்பர் மழை, காலபோக விதைப்பு, பகலில் ஆட்கள் வயலில். மாலையில் ஒரு கிராமத்தில் பதினைந்து வீடு பார்த்தால் பெரிய காரியம். ஆனாலும் விருப்பிலக்கம் அங்கேதான் நின்றது. துண்டுப்பிரசுரத்தின் பின்பக்கத்தில் கட்டம் கீறி, சின்னத்துக்கு எங்கே புள்ளடி (X), இலக்கத்துக்கு எங்கே புள்ளடி என்று விரலால் காட்டினால் வயதானவர்கள் திரும்பச் செய்து காட்டுவார்கள். திண்ணையில் சொன்னது எங்கேயும் பதிவாகாது என்பதால் மனம்விட்டும் பேசுவார்கள்.

2025 மே மாதத்து உள்ளூராட்சித் தேர்தலில் இந்தக் கணக்கு மாறியது. அது சிறு வட்டாரங்களாகப் பிரித்து நடக்கும் தேர்தல். விருப்பு வாக்கு இல்லை. துணுக்காயிலோ நானாட்டானிலோ ஒரு வட்டாரத்தில் வேட்பாளரின் பேரப்பிள்ளை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அங்கே முகநூலுக்குக் காசு கொடுப்பது வீண் என்றுதான் கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

வடக்கில் 2013க்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. அது வந்தால் ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனி, பொதுத் தேர்தலுக்கும் உள்ளூராட்சித் தேர்தலுக்கும் நடுவான களம். என்னிடம் கேட்டால் முகநூலுக்கு முதல் வாரம் மட்டும் காசு, குளத்துக்குக் குளம் வேறு வேறு குரல் பதிவு, கடைசிப் பத்து நாளும் எல்லாரும் படலையில். ஊருக்கு ஒரு நம்பிக்கையான ஆளின் போன் இலக்கத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வேன். பொய்ச் செய்தி ஏதும் உலாவினால், பிரசாரம் ஓய்வதற்கு முன்பே அதை அவர் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.