பழைய ஸ்டார்ட்டரைச் சரிசெய்வதா, புதுசு போடுவதா?

காரில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உடனே ஸ்டார்ட்டரை (இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார்) கழற்றாதீங்க, முதலில் பேட்டரியைப் பாருங்க. நல்லா சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும், ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போகக் கூடாது.

பேட்டரியும் டெர்மினலும் சரி என்றால் கழற்றலாம், மைனஸ் கேபிளை முதலில் எடுத்துவிட்டு.

தேய்ந்தது கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு), புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்), சோலினாய்டு (ஸ்டார்ட்டரின் மின்காந்த சுவிட்ச்) மட்டும்தான் என்றால் என் ஓட்டு பழையதைச் சரிசெய்வதற்கே. ஆட்டோ எலக்ட்ரீஷியன் பிரித்து மாட்டிவிடுவார், செலவும் குறைவு. ஆனால் ஆர்மேச்சர், அதாவது உள்ளே சுழலும் கம்பிச்சுருள், கருகியிருந்தால் (வாசனையே சொல்லிவிடும்) அதில் காசு போடுவது வீண், புதுசுதான்.

இன்னொன்று, சில கார்களில் ஸ்டார்ட்டர் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) அடியில் ஒளிந்திருக்கும், கழற்றவே அரை நாள் போய்விடும். பழையது மறுபடி மக்கர் பண்ணினால் அந்தக் கூலியைத் திரும்பவும் அழணும், அதனால் அங்கே மட்டும் பிரஷ் தேய்மானமாக இருந்தாலும் புதுசே போடுவேன். அப்புறம், புதுசு வாங்கும்போது பினியன் (ஸ்டார்ட்டர் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம்) பற்களின் எண்ணிக்கையும் போல்ட் துளைகளும் பழையதோடு ஒத்துப்போகுதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்க.