டிரைவ்-த்ரூ காபி கடை: மதிலா, நீண்ட வரிசையா, ஜன்னலே வேண்டாமா?

குடியிருப்பை ஒட்டி டிரைவ்-த்ரூ காபி கடை, அதாவது காரை விட்டு இறங்காமலே ஜன்னலில் வாங்கிப் போகும் கடை, வரப்போகிறது என்றதும், கட்டுபவர்கள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "பின்பக்கம் மதில் எழுப்புகிறோம், மரம் நடுகிறோம்." பல இடங்களில் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. எனக்குக் கவலையே அதுதான். இடைஞ்சலைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. ஒவ்வொன்றும் எதைத் தீர்க்கிறது, எதைப் புதிதாகக் கொண்டுவருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்ட வேண்டும்.

காபி கடையின் கூட்டம் மதியச் சாப்பாட்டு நேரத்துக் கூட்டம் அல்ல. வேலைக்குப் போகும் வழியில் வருகிற கூட்டம், அதாவது அக்கம்பக்கம் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்துக் கூட்டம். காலை ஐந்தரை மணி. ஒரு கார் வந்து நிற்கிறது. கண்ணாடி இறங்கியதும் உள்ளே ஓடும் பாட்டு வெளியே கொட்டுகிறது. ஆர்டர் எடுக்கும் ஸ்பீக்கர் 'டிங்' என்று ஒலித்து வணக்கம் சொல்கிறது. ஓட்டுநர் ஆர்டரைச் சொல்ல, ஸ்பீக்கர் அதைத் திருப்பிச் சொல்கிறது. பின்னால் மூன்று இன்ஜின்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. அடுத்த நிமிடம் அதே 'டிங்'.

இந்த இடத்தில் மதில் எவ்வளவு உதவும்? ஒலி எழும் இடத்துக்கும் காதுக்கும் நடுவே பார்வைக்கோட்டை மறைத்தால் சுமார் 5 டெசிபல் குறையும். இன்னும் உயர்த்தினால் மேலும் கொஞ்சம். தரைத்தளத்துக்கு இது பயன். மாடிப் படுக்கையறையிலிருந்து பார்த்தால் ஸ்பீக்கர் மதிலுக்கு மேலாகத் தெரிகிறதா? தெரிந்தால் அந்த அறைக்கு மதில் இருந்தும் இல்லாத மாதிரிதான். மரவரிசை கண்ணுக்குக் குளிர்ச்சி; ஒலியைத் தடுக்க வேண்டுமானால் பல பத்து மீட்டர் அடர்த்தியாக நிற்க வேண்டும். இரண்டு வரிசைச் செடி ஒலிக்கு எதுவுமே செய்யாது. ஆனால் ஹெட்லைட் வெளிச்சத்துக்கு இடுப்புக்குச் சற்று மேலான அடர்ந்த வேலியே போதும். இந்த ஒரு விஷயத்தில் செடியைக் குறை சொல்ல மாட்டேன்.

மதிலைவிட மலிவான வழி தூரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கர் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். வரைபடத்திலேயே ஸ்பீக்கர் உள்ள மெனு பலகையைச் சாலைப் பக்கம் திருப்பி, கடைக் கட்டடத்தையே நடுவில் தடுப்பாக நிறுத்திவிட்டால், பிறகு மதில் செய்ய வேண்டிய வேலை பாதியாகிவிடும். கட்டி முடித்த பிறகு இதை யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.

அடுத்தது வரிசை. இடைஞ்சலின் வேரே இதுதான் என்பது என் எண்ணம். ஜன்னலில் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு கார், மணிக்கு 60 கார் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிகள் சீராக வராது, ஆர்டர்களும் ஒரே நேரம் பிடிக்காது. வரிசைக் கணக்கின் எளிய வாய்பாட்டில் போட்டால், மணிக்கு 50 கார் வரும்போது சராசரியாக 5 கார் நிற்கும். 54 வந்தால் 9. 57 வந்தால் 19! மூன்றே கார் கூடியதில் வரிசை இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. ஒரு காருக்கு இடைவெளியோடு ஆறேழு மீட்டர் என்றால், 19 கார் நூறு மீட்டருக்கு மேல். அதுவும் சராசரிதான், உச்ச நிமிடங்களில் இன்னும் நீளும். ஆகவே "எங்கள் வளாகத்தில் பத்து கார் நிற்கும்" என்று சொன்னால், எந்த நேரத்துக் கூட்டத்துக்கு என்று கேளுங்கள்.

இதற்குக் கட்டுபவர் தரும் பதில், பாதையைக் கடையைச் சுற்றி நீட்டுவது. சாலையில் வண்டி தேங்காது, உண்மை. ஆனால் அந்தப் பாதை எங்கே வளைகிறது? பெரும்பாலும் பின்பக்க வேலியோரமாக. சாலையின் நெரிசல் இப்போது உங்கள் கொல்லைப்புறத்துப் புகையாகிவிட்டது. நிற்கிற இன்ஜின்கள் குறையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

இரட்டை ஆர்டர் பாதை இன்னொரு யோசனை. ஆர்டர் எடுப்பது வேகமாகும். ஆனால் காபி போடுகிற வேகம்தான் தடை என்றால், இரண்டு வரிசையும் ஒரே ஜன்னலில் வந்து முட்டும். கூடவே ஸ்பீக்கரும் இரண்டாகிறது. இதைவிட, ஊழியர் கையில் டேப்லெட்டோடு காருக்குக் காராகப் போய் ஆர்டர் எடுப்பது எனக்குப் பிடித்த வழி: ஸ்பீக்கரே வேண்டியதில்லை. குறை ஒன்று உண்டு. ஆள் பற்றாத நாளில் முதலில் கைவிடப்படுவது இதுதான். அதனால் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது, அனுமதி நிபந்தனையில் எழுத்தாக ஏற வேண்டும்.

ஜன்னலையே கைவிடுவதும் ஒரு தேர்வு: முன்கூட்டி செல்போனில் ஆர்டர், சில நிமிட நிறுத்துமிடம், நடந்து வருவோருக்கு ஒரு கவுன்டர். காரை அணைத்துவிட்டு இறங்குவார்கள். நடைபாதையைக் குறுக்கே வெட்டி ஓயாமல் வண்டி போய்வராது. பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்து போகும் வழியாக இருந்தால் எனக்கு இதுவே பெரிய காரணம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம் 2019இல் புதிய டிரைவ்-த்ரூக்களுக்கே தடை விதித்தது. மறுபக்கமும் இருக்கிறது. கைக்குழந்தையோடு வருபவருக்கும் நடக்கச் சிரமப்படுபவருக்கும் காரிலிருந்தே வாங்குவது பெரிய உதவி. காருக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் அதையும் ஈடுசெய்யலாம்.

வீடுகள் வேலியைத் தொட்டு நிற்கும் மனை என்றால் ஜன்னல் வேண்டாம் என்றே வாதாடுவேன். கொஞ்சம் விலகிய மனை என்றால், ஸ்பீக்கர் சாலையைப் பார்க்க வேண்டும், காலை ஏழு மணிக்கு முன் டேப்லெட் ஆர்டர் மட்டுமே, வெளியேறும் வண்டி எதிர்ச்சாரியைக் கடந்து திரும்பக் கூடாது என்று கேட்பேன். மதில் இதற்கெல்லாம் பிறகு. கடைசியாக ஒரு வரியையும் அனுமதியில் சேர்க்கச் சொல்வேன்: வரிசை நடைபாதையைத் தொட்டால் ஊழியர் அன்றே பாதையை மூட வேண்டும், ஒரே மாதத்தில் மூன்று முறை தொட்டால் அனுமதி மறுபரிசீலனைக்கு வர வேண்டும்.