ஐடி கார்டு தொலைந்தால் ஜெராக்ஸ் கடைக்கு ஓடாதீர்கள்: கல்லூரி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஓர் எச்சரிக்கை

பருவத் தேர்வு நெருங்கினால் கல்லூரி வாசல் பக்கத்துக் கடைகள் சிலவற்றில் டூப்ளிகேட் ஐடி கார்டு வியாபாரம் சூடு பிடித்துவிடும். ஹால்டிக்கெட் இருந்தாலும் கார்டு இல்லாமல் தேர்வறைக்குள் விடமாட்டார்களோ என்ற பயத்தில் மாணவர் வருகிறார். போனில் கிடக்கும் பழைய போட்டோவைக் கொடுத்தால் போதும், அரை மணி நேரத்தில் அதே மாதிரி கார்டு என்கிறார் கடைக்காரர். பலர் ஏமாறுவது இங்கேதான்.

கையில் கிடைப்பது என்ன? வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ சுருங்கியிருக்கும், அதைப் பெரிதாக்கி அச்சடித்தால் பார்கோடின் கோடுகள் கலங்கிவிடும். நூலக ஸ்கேனர் படிக்காது. கேட்டில் தட்டும் வகைக் கார்டு என்றால் நிலைமை இன்னும் மோசம். தொலைந்த கார்டின் சிப் எண் போட்டோவில் இருக்காது, அதனால் கடையில் போட்டுத் தருவது வெற்றுச் சிப். "எங்கள் கார்டு கேட்டில் வேலை செய்யும்" என்று ஒருவர் சொன்னால், வேறு ஒரு மாணவரின் கார்டை நகலெடுத்து வைத்திருக்கிறார் என்று பொருள். நீங்கள் உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அந்த மாணவர் பெயரில் பதிவாகும். முன்கூட்டியே தன் கார்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வதும் உதவாது. 125 கிலோஹெர்ட்ஸ் எனப்படும் பழைய, பாதுகாப்புக் குறைந்த சிப் வகைக் கார்டை நகலெடுப்பது எளிதுதான், ஆனால் தொலைந்ததை அலுவலகம் முடக்கிய அந்த நொடியே நகலும் செத்துவிடும். இரண்டுக்கும் எண் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து கையெழுத்து. முதல்வரின் கையெழுத்தையும் கல்லூரி முத்திரையையும் ஸ்கேன் செய்து அச்சிட்ட கார்டைத் தேர்வறையில் காட்டுவது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340ஆவது பிரிவுகள் பேசும் போலி ஆவண விவகாரம். சிக்கினால் கடைக்காரர் கை கழுவிவிடுவார், பதில் சொல்ல வேண்டியவர் மாணவர்.

சரியான வழி அலைச்சல் மிகுந்ததுதான், ஆனால் அதில் வரிசை முக்கியம். முதலில் நூலகத்துக்குப் போய்த் தொலைந்த கார்டை முடக்கச் சொல்லுங்கள். அதை வைத்து யாராவது புத்தகம் எடுத்தால் அபராதம் உங்கள் கணக்கில்தான் ஏறும். விடுதியில் சாப்பாட்டுக்கும் அதே கார்டு என்றால் அங்கேயும் சொல்லுங்கள். அடுத்து, புதுக் கார்டு கேட்டுத் துறைத் தலைவர் வழியாக முதல்வருக்குக் கடிதம். சில கல்லூரிகள் போலீஸ் ரிப்போர்ட் கேட்கும். அதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தொலைந்த ஆவண அறிக்கை என்ற சேவை இருக்கிறது, நீங்களே பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். இதற்குப் புரோக்கரிடம் காசு கொடுக்காதீர்கள். தேர்வு இடையில் வந்துவிட்டால், போட்டோ ஒட்டி முத்திரையிட்ட தற்காலிகக் கடிதம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

கார்டு தொலைத்ததற்கான அபராதத்தைக் கவுன்டரிலோ சலானிலோ மட்டும் கட்டி ரசீது வாங்குங்கள். "அர்ஜென்ட்டாக முடித்துத் தருகிறேன், என் நம்பருக்கு ஜிபே பண்ணு" என்று சொல்பவர் அலுவலக ஊழியராகவே இருந்தாலும் கொடுக்கக்கூடாது. புகார் சொல்ல இடம் உண்டு. யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். கூடுமானவரை 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

முதலாண்டு மாணவர்களுக்கு வலை வேறு மாதிரி விரிக்கப்படுகிறது. சேர்க்கை முடிந்ததும் முளைக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் சீனியர் என்றோ ஆபீஸ் என்றோ சொல்லிக்கொண்டு ஒருவர், ஐடி கார்டுக்குப் பணம் கட்ட லிங்க்கும் க்யூஆர் கோடும் போடுவார். பணம் போகும் முன் செயலி காட்டும் பெயரைப் படியுங்கள். தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பல கல்லூரிகளில் கார்டுக்கான தொகை சேர்க்கைக் கட்டணத்திலேயே அடங்கியிருக்கும், ரசீதைப் பார்த்தால் தெரியும். மாணவர்களுக்கான தேசிய அடையாள எண்ணான அபார் எண்ணுக்கு என்று யாராவது காசு கேட்டாலும் இதே கதைதான். அந்த 12 இலக்க எண் அரசின் டிஜிலாக்கர் செயலியில் இலவசமாகவே கிடைக்கிறது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு உண்டு.

கார்டின் போட்டோவை ஸ்டேட்டஸில் போடுவதைத் தயவுசெய்து விடுங்கள். பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தாலே மதிப்பெண் பக்கத்துக்குள் நுழைய விடும் பல்கலைக்கழக இணையதளங்கள் உண்டு. பல கார்டுகளில் அந்த இரண்டும் அச்சாகியிருக்கின்றன. எண்ணை விரலால் மறைத்துவிட்டு பார்கோடை விட்டுவைத்தால் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. சாதாரண போன் செயலியே அதைப் படித்து எண்ணைச் சொல்லிவிடும். பகுதிநேர வேலை தருகிறேன் என்பவர் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் சேர்த்துக் கேட்டால் விலகிவிடுங்கள். கமிஷனுக்காகக் கணக்கைக் கொடுத்த மாணவர்கள் மோசடிப் பணம் கைமாறிய வழக்குகளில் மாட்டுகிறார்கள். எங்காவது நகல் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எதற்காக, எந்தத் தேதியில் என்று படத்தின் குறுக்கே எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை அவ்வப்போது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள்.

புதுக் கார்டு கைக்கு வந்த அன்றே பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். இரத்த வகையையும் பாருங்கள், விபத்து நேரத்தில் பிறர் கண்ணில் முதலில் படுவது அதுதான். தவறு இருந்தால் அச்சகத்துக்கு அடுத்த கட்டு போகும் முன் திருத்தச் சொல்லுங்கள். தேர்வுக் காலத்தில் போய் நின்றால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கார்டுக்கு மென்மையான வினைல் பவுச் வேண்டாம். வெப்பத்தால் பதித்த சாயம் மெல்ல அந்த பிளாஸ்டிக்குக்குள் ஏறி, முகம் மங்கி, பவுச்சில் நிழல் போல ஒட்டிக்கொள்ளும். கெட்டியான பாலிகார்பனேட் உறை நல்லது. சானிட்டைசரால் துடைத்தால் மை கரையும், வெயிலில் பைக் டேங்க் பையில் கிடந்தால் அட்டை நெளியும். சிப் உள்ள கார்டில் டேக் மாட்ட நீங்களாக ஓட்டை போடாதீர்கள். ஓரமாகச் சுற்றியிருக்கும் மெல்லிய செம்புக் கம்பிதான் ஆன்டெனா, அது அறுந்தால் கார்டு வெறும் அட்டை. பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தாலும் அது விட்டுவிடும். காந்தத்துக்கு மட்டும் பயப்பட வேண்டாம், அது பின்பக்கம் கறுப்புப் பட்டை உள்ள கார்டுகளுக்குத்தான் பிரச்சினை.

படிப்பு முடிந்து நோ டியூ படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது பல கல்லூரிகள் கார்டைத் திரும்பக் கேட்கும். அதற்கு முன் நூலகக் கணக்கை முடித்துவிடுங்கள், கார்டை ஒப்படைத்ததற்கு ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். இடையில் தொலைத்தவர்கள் அந்தப் பழைய போலீஸ் அறிக்கையையும் அபராத ரசீதையும் அதுவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும், டிசி வாங்கும் நாளில் அதைக் கேட்பார்கள்.